உதைத்தால் ஓடும்

பேசாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. வாயே திறக்காமல் இருப்பது ஒன்று. அது சுலபம், யாரும் செய்யலாம். ஒரே நோயாளியின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பேச வேண்டியதையெல்லாம் பேசி, ஆனால் எதிரே இருப்பவனிடம் மட்டும் பேசாமல் இருப்பது இன்னொன்று. அதற்குத் தனித் திறமை வேண்டும். தம்பிக்காரனும் அவன் அக்கா புருஷனும் அந்தத் திறமையில் கரை கண்டவர்களாகியிருந்தார்கள்.

"காபி வாங்கணும்னா இப்பவே வாங்கிடலாம். அப்புறம் கூட்டமாயிடும்" என்று டிரைவர் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். அக்கா புருஷன் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டிலும் வெளியிலும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர்.

"வாங்கியாச்சு" என்று தம்பிக்காரன் ஃபிளாஸ்க்கிடம் சொல்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதியில் நின்றுபோன லிஃப்டுகளைக் கிளப்பிவிடுவது வேலை.

நடுவில் படுத்திருக்கும் அக்கா கண்ணைத் திறக்காமலே, "சுவரு ஏதாவது பதில் சொன்னா எனக்கும் சொல்லுங்க" என்பாள்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், அக்காவின் இருமலுக்கு டாக்டர்கள் பேர் வைத்த அன்று தம்பிக்காரன் வாயை விட்டுவிட்டான். நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரி, அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும், "குளிர் குளிர்னு சொல்லிச் சொல்லியே அவளைக் கொன்னுட்டீங்க" என்றான். போன குளிர்காலத்திலிருந்து அவள் இருமிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் குத்துகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் டிரைவர் சொன்ன பதில் ஒன்றுதான்: இந்தக் குளிரில் யாருக்குத்தான் குத்தவில்லை. தம்பிக்காரன் சொன்னதற்கு அன்று அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து அவனிடமும் பேசவில்லை.

இப்போது டாக்டரம்மா வந்து நின்றாள். சின்னப் பெண். கெட்ட செய்தி சொல்லும்போது கையிலிருக்கும் பேனாவைத் திறந்து திறந்து மூடுவாள்.

"வீட்டுக்குப் போகணும்னு கேக்குறாங்க. கூட்டிட்டுப் போறதா இருந்தா இன்னைக்கே போயிடுங்க. நாளைக்குன்னா என்னால எதுவும் சொல்ல முடியாது." பேனா மூடிக்கொண்டது. "ஒண்ணே ஒண்ணு. குளிர் படக் கூடாது. வண்டி நல்லா சூடா இருக்கணும். குளிர்ந்த காத்து பட்டா மூச்சு தாங்காது."

ஆஸ்பத்திரி வேன் ஊர் எல்லையைத் தாண்டாது. வீடோ மலைக்கு அந்தப் பக்கம். பொழுது சாய்ந்தால் மேட்டு ரோட்டில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகிவிடும், தடுப்புப் போட்டு மூடிவிடுவார்கள். வேறு வண்டி பிடிக்கலாமா என்று தம்பிக்காரன் வாயெடுத்தான். அக்கா தலையை ஆட்டினாள். "நம்ம வண்டியில போலாம். என் சீட்டுல உக்காந்து போறேன்."

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஹீட்டர் ஃபேன் ஓடல" என்று கட்டில் காலிடம் சொன்னார். "நீ இங்க வந்து படுத்த வாரமே அதுவும் நின்னுபோச்சு. அது வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு."

அக்கா போர்வை விளிம்பைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

*

வண்டி ஆஸ்பத்திரியின் பின்பக்க நிறுத்தத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. இந்த ரகத்தை இப்போது சாலையில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் வாரம் தவறாமல் கழுவி, மெழுகு போட்டு, கதவு இடுக்கெல்லாம் பழைய பனியன் துணியால் துடைத்து டிரைவர் அதை மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். தம்பிக்காரனுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

டிரைவர் சாவியைப் போட்டு ஃபேன் திருகை ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் திருப்பினார். மூச்சுப் பேச்சு இல்லை.

"ஃப்யூஸ்தான் போயிருக்கும்" என்று ஸ்டியரிங்கிடம் தீர்ப்புச் சொன்னார்.

ஃப்யூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான் தம்பிக்காரன். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. அதை டேஷ்போர்டின் மேல், அவர் கண்ணில் படும்படி வைத்தான்.

"அப்ப சுவிட்சு."

தம்பிக்காரன் பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளி, கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். தரை ஐஸாகச் சில்லிட்டு முதுகில் ஏறியது. டேஷ்போர்டின் அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். மேலே வட்டமாக மோட்டாரின் அடிப்பாகம் தெரிந்தது. மூன்று ஸ்குரு, கரண்டு ஒயர் வந்து மாட்டும் ஒரு கனெக்டர்.

கனெக்டரைப் பிடுங்கி அதில் டெஸ்ட் லைட்டை வைத்தான். "சாவியைப் போட்டா தேவலை" என்று மோட்டாரிடம் சொன்னான். மேலே சாவி திரும்பியது. பல்பு பளிச்சென்று எரிந்தது. திருகை ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னான், வெளிச்சமும் படிப்படியாகக் குறைந்தது. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, சுவிட்சு நன்றாக இருக்கிறது, கரண்டு வாசல் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவன்தான் எழுந்து வரவில்லை.

கனெக்டரை மாட்டிவிட்டு, ஸ்குரு டிரைவரின் பிடியால் மோட்டாரின் அடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். ர்ர்ர் என்று சுற்றியது. கொஞ்சம் சுற்றி, முனகி, நின்றது. இன்னொரு தட்டு. மறுபடி சுற்றி மறுபடி நின்றது. உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை ஒட்டத் தேய்ந்துபோய்விட்டது. லிஃப்ட் மோட்டாரிலும் இதே வியாதிதான் வரும். தட்டினால் கொஞ்ச நாள் பிழைத்துக் கிடக்கும். ஒரே நாளில் வருகிற வியாதி இல்லை இது. மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் சாகும்.

அப்படியானால் நல்லாத்தான் ஓடிச்சு என்றாரே, எப்படி?

கழற்றி வயிற்றின் மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் மூடியை அப்போதுதான் உற்றுப் பார்த்தான். மோட்டாருக்கு நேர்கீழே, ஒரே இடத்தில், பிறை வடிவத்தில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். ஒன்றின் மேல் ஒன்றாக, கணக்கில்லாமல். நடுவில் பிளாஸ்டிக் விரிசல் விட்டு உள்ளே அமுங்கியிருந்தது. பெண்கள் செருப்பின் குதித் தடம் அது. அந்த சீட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி நீட்டினால் குதிகால் சரியாக அங்கேதான் போய் முட்டும்.

மூடியைக் கவிழ்த்து வைத்தான். "மோட்டார் போச்சு. வேற வாங்கணும்" என்று வெளியே இருந்த காற்றிடம் சொல்லிவிட்டு மாடிக்கு, அக்காவிடம் போனான்.

*

அக்கா விழித்திருந்தாள். "ஓடிச்சா?"

"தட்டினா ஓடுது" என்றான். "நீ உதைச்சா இன்னும் நல்லா ஓடும் போல."

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதாமல் இருமலாக முடிந்தது. அது அடங்கும் வரை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா. வண்டி ஏறினதும் அவரு கண்ணாடியை இப்படி அப்படித் திருப்புவாரில்ல, அந்த நேரம் பார்த்து ஒண்ணு விடுவேன். ஓட ஆரம்பிச்சிடும்."

"எத்தனை நாளா?"

"போன குளிருக்கு முந்தின குளிர்லேருந்து."

"அவர்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"ஃபேன் சத்தம் சரியில்லைன்னு சொன்னேன் ஒருவாட்டி. என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதான்னாரு. சரி, உங்க வண்டின்னு விட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நெஞ்சு வலியும் அப்படித்தானேன்னு நீ கேப்பே. கேக்காதே."

கேட்கத்தான் வாய் துடித்தது. கேட்கவில்லை.

"அவருகிட்டச் சொல்லிடாதேடா தம்பி. வண்டியை நல்லா வச்சிருக்கோம்னு ஒரு நெனப்பு அவருக்கு. அது இருந்துட்டுப் போகட்டும். நான் போனப்புறம் அவருக்குன்னு அது ஒண்ணுதானே இருக்கு."

"சொல்லல" என்று அவள் கையைப் பிடித்தான்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு ஊர்க் கோடியில் இருந்தது. டாக்சி பிடித்துப் போனான். யார்டுக்காரர் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, "இந்த மாடலா? இதையெல்லாம் இன்னுமா ஓட்டுறீங்க" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் அடுக்கி வைத்த வண்டிக் கூடுகளுக்கு நடுவில் புகுந்து, முன்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியைக் காட்டினார். தம்பிக்காரன் அதிலேயே படுத்து மோட்டாரைக் கழற்றி, அங்கேயே ஒரு பேட்டரியில் இரண்டு கம்பியைத் தொட்டுப் பார்த்தான். சத்தமே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

வழியெல்லாம் மனம் ஒரு நிலையில் இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் கத்தியது வெறும் ஆத்திரம். ஆதாரம் எதுவும் கையில் இல்லை. இப்போது இருக்கிறது, ஒரு பிளாஸ்டிக் மூடி நிறைய. அதைச் சொல்லாமல் விழுங்குவது அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

*

வெயில் வந்திருந்தாலும் சூடு வரவில்லை. டிரைவர் வண்டியை விட்டு நகராமல் நின்றிருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பிக்காரன் பேசாமல் மறுபடி மல்லாந்து படுத்தான். பழைய மோட்டாரை இறக்கினான். அதோடு வந்த ஃபேன் சக்கரத்தின் இறக்கைகளுக்கு இடையிலிருந்து காய்ந்த இலைத் தூள் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. புதியதன் கனெக்டரை முதலில் மாட்டிவிட்டான். அங்கேதான் தப்பு. கனெக்டரைக் கடைசியில் மாட்டுவது அவன் தொழிலில் பால பாடம், தனக்குக் கீழே வேலை செய்கிறவனிடம் படித்துப் படித்துச் சொல்வான். இன்றைக்கு அவசரம்.

மோட்டாரை ஒரு கையால் தாங்கி, பாதி உள்ளே பாதி வெளியே இருக்க, மறு கை விரல்களை விளிம்பில் விட்டு நேராக்கிக்கொண்டிருந்தான். மேலே ஸ்டியரிங் பக்கம் வந்து உட்கார்ந்திருந்த டிரைவர், கனெக்டர் மாட்டிய சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று தானாகவே முடிவு செய்து, சாவியைப் போட்டுத் திருகை நாலில் வைத்தார்.

சக்கரம் ஒரே சுற்றில் இரண்டு விரலைக் கிழித்தது.

தம்பிக்காரன் அலறிக்கொண்டு வெளியே உருண்டான். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. டிரைவர் ஓடி வந்தார். "மாட்டியாச்சுன்னு நெனச்சேன்டா" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. கைக்குட்டையை எடுத்து, அவன் விரல்களைச் சேர்த்துப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"நெனச்சீங்க" என்றான். "கேக்க மாட்டீங்க, நெனச்சுக்குவீங்க. எல்லாம் உங்களுக்கே தெரியும். நல்லாத்தான் ஓடிச்சுன்னீங்களே, எப்படி ஓடிச்சு தெரியுமா? அந்த மூடியை எடுத்துப் பாருங்க. அவ தெனம் உதைச்சு ஓட வச்சிருக்கா. ரெண்டு குளிர்காலமா. நீங்க கண்ணாடி திருப்புற நேரத்துல."

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி சுற்றி, முனையை உள்ளே செருகி, இழுத்துப் பார்த்து, நன்றாக முடிச்சுப் போட்டது. அதற்கப்புறம்தான் அவர் குனிந்து மூடியை எடுத்தார்.

வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் அந்தப் பிறைகளைத் தடவினார்.

"சத்தம் கேட்டிருக்கு எனக்கு" என்றார். "கால் தட்டுதுன்னு நெனச்சேன். வண்டிக்குள்ள பார்த்துக் காலை வைக்கத் தெரியாதா, பிளாஸ்டிக்கு என்னத்துக்கு ஆகும்னு திட்டியிருக்கேன்." கட்டைவிரல் மறுபடி அந்த விரிசலுக்கே போனது. "எத்தனையோ தடவை" என்றார்.

எதிராளி இப்படி நொறுங்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தான் தம்பிக்காரன். நொறுங்கிவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அரை நாள்கூடத் தாங்கவில்லையே என்று அவனுக்கே அவன் மேல் அருவருப்பாக இருந்தது.

"விடுங்க மச்சான். சாவியை உருவிட்டு இந்தப் பக்கம் வாங்க" என்றான். "பின்னாடி இருக்குற ஸ்குருவுக்கு என் விரல் ஆகாது. நான் தாங்கிப் பிடிக்கிறேன், நீங்க முடுக்குங்க."

தொந்தியும் முழங்கால் வலியுமாக அவர் படாத பாடுபட்டு உள்ளே நுழைந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாவது ஸ்குருவைக் கையாலேயே தேடி, தவறவிட்டு, மறுபடி தேடி முடுக்கினார். மூடியை மாட்டும்போது மட்டும் அவர் கை ஒரு கணம் தயங்கியது.

எஞ்சினைப் போட்டு விட்டார்கள். ஃபேன் ஓடியது. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகி, பிறகு நல்ல சூடான காற்று வந்தது. இரண்டு பேரும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

*

அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து அவளுடைய சீட்டில் இறக்கினார்கள். டிரைவர் தன் கோட்டைக் கழற்றி அவள் கால் மேல் போர்த்தினார். "காலை நல்லா நீட்டிக்கோ. இடிச்சாப் பரவாயில்ல" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தை அது. அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, பின் சீட்டில் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

"சொல்லிட்டே" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதற்கு மேல் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஊரைத் தாண்டி மலை ஏறும் வரைக்கும் வண்டி அடுப்படி மாதிரி இருந்தது. டிரைவர் நெற்றியில் வேர்வை. அக்காதான் நெளிய ஆரம்பித்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும். சூடு வேணாம். காத்து வேணும்."

"டாக்டர் குளிர் படக் கூடா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். ரோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சூடு வேணாமா?"

"மூச்சு முட்டுது. முகத்துல காத்து வரட்டும்."

தம்பிக்காரனுக்கு வேண்டாம் மச்சான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இதற்காகவா காலையிலிருந்து ஐஸ் தரையில் படுத்தது, விரலைக் கொடுத்தது? டாக்டர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனால் அக்கா சொல்கிறாள்.

டிரைவர் வாதாடவில்லை. சிவப்பில் இருந்த சூட்டுத் திருகை நீலத்துக்கு ஒரேயடியாகத் திருப்பினார். ஃபேனை நாலில் வைத்து, காற்று வரும் வாயை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார். மலைக் குளிர் அப்படியே உள்ளே கொட்டியது. அக்காவின் நெற்றி முடி பறந்தது. கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள்.

"இப்ப நல்லாருக்கு" என்றாள்.

ஆண்கள் இருவருக்கும் பல் கிட்டிக்கொண்டது. கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரின் தோள் நடுங்குவதைப் பார்த்துத் தம்பிக்காரன் தன் மப்ளரை அவிழ்த்துப் பின்னாலிருந்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டான். அவர் தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்.

மேட்டைத் தாண்டி இறக்கம் வந்தது. அக்காவின் தலை மெல்லச் சரிந்து கதவில் சாய்ந்தது. தம்பிக்காரன் கட்டுப் போடாத கையை நீட்டி அவள் மூக்கருகில் விரலை வைத்தான். காற்று வந்தது. அது அவள் மூச்சா, ஃபேன் காற்றா என்று தெரியவில்லை. கன்னத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. ஆனால் அந்த வண்டிக்குள் எல்லாமே சில்லென்றுதான் இருந்தது. கடைசியில் காதுக்குக் கீழே கழுத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்றாவது வளைவு வரைக்கும் காத்திருந்தான். எதுவும் துடிக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

"தூங்குறாளா?" என்று டிரைவர் கேட்டார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சொல்லக் கூடாததை ஒரு தடவை சொல்லிவிட்ட வாய் அது. இந்தத் தடவை அது யோசித்தது.

"தூங்குறா மச்சான்."

"அப்ப ஃபேனைக் குறைக்கட்டுமா? உனக்குக் குளிருமே."

"வேணாம். அவ கேட்டது. ஓடட்டும்."

"ஓடட்டும்" என்றார் அவரும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவையும் அவர் அவ்வளவு நிதானமாக எடுத்தார், அந்தத் தலை கதவில் ஒருமுறைகூட இடிக்கவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று தம்பிக்காரனால் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். கை விறைத்துப் போயிருந்தது.

"நீ போய்க் கதவைத் திற" என்றார். "நான் அவளை எழுப்பிக் கூட்டிட்டு வரேன்."

தம்பிக்காரன் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான்.